பூங்காவுக்கு வராதவர்களையும் கேட்போம்

அடையாறில் காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மாநகராட்சிப் பூங்கா கண்ணில் படும். காலை 6 மணிக்கு வாக்கிங் போகிறவர்கள் வந்துவிடுவார்கள். வெயில் ஏறியதும் கூட்டம் கலையும். மாலை 5 மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். இருட்டும் நேரத்தில் மறுபடியும் வாக்கிங்.

இப்படி ஒரு பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வருகிறது: "பார்க்குக்கு என்ன வேணும், எல்லாரும் சொல்லுங்க." பத்து நிமிடத்தில் பதில்கள் குவிகின்றன. நடைபாதைக்குப் புது பேவர் பிளாக், ஓப்பன் ஜிம், கூடுதல் விளக்கு, உட்கார கிரானைட் பெஞ்ச். "விளையாடும் இடத்துக்கு?" என்று யாரோ கேட்டால், "ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு போட்டா போதும்" என்று முடிந்துவிடும்.

அந்தக் குழுவில் பதில் போட்டவர்கள் யார்? ஏற்கெனவே தினமும் பூங்காவுக்கு வருகிறவர்கள். அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. ஆனால் பூங்காவுக்கு வராதவர் எவரும் அந்தக் குழுவில் பேசவில்லை. எட்டு வயதுச் சிறுமி பேசவில்லை. முழங்கால் வலியோடு முதல் மாடியில் இருக்கும் பாட்டி பேசவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பையனின் அம்மா பேசவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் அந்தக் குழுவிலேயே இல்லை.

குழந்தைக்கு ஓட்டு கிடையாது, கையில் போனும் கிடையாது. அதன் விருப்பத்தை யாராவது எடுத்துச் சொன்னால்தான் கூட்டத்தில் பதிவாகும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பாடம். தேவைப்படுவது உங்கள் கைபேசி, ஒரு நோட்டு, மூன்று வாரங்கள்.

வியன்னா சொல்லும் பாடம்

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990-களின் நடுவில் பூங்காக்களை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடந்தது. ஒன்பது வயதைத் தாண்டியதும் பூங்காவுக்கு வரும் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. ஆண் பிள்ளைகளின் எண்ணிக்கை அப்படிக் குறையவில்லை. காரணத்தைத் தேடியபோது, நடுவில் இருந்த பெரிய திறந்த வெளியைப் பையன்களின் பந்து விளையாட்டு பிடித்துக்கொள்வதும், இடத்துக்குப் போட்டி வரும்போது சிறுமிகள் ஒதுங்கிப் போய்விடுவதும் தெரிந்தது.

1999-இல் அந்த நகரம் ஐன்சீட்லர் பூங்கா உட்பட இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தது. ஒரே பெரிய மைதானத்தைச் செடிகளாலும் பாதைகளாலும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். கைப்பந்து, பூப்பந்து ஆட இடம் விட்டார்கள். பையன்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.

நம் ஊரிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். "ஏன் கண்ணு பார்க்குக்குப் போறதில்ல?" என்று கேட்டால், "அண்ணனுங்க கிரிக்கெட் ஆடுவாங்க ஆன்ட்டி, பந்து மேல படும்" என்று பதில் வரும். அந்தப் பிள்ளைக்காக இன்னொரு ஊஞ்சல் வாங்கிப் போட்டால் பயன் இருக்காது. ஊஞ்சலுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் ஒரு வேலி அல்லது செடிவரிசை வேண்டும். காரணம் தெரியாமல் செலவு செய்தால் பணம்தான் வீணாகும்.

நம் பக்கத்திலேயே இரண்டு உதாரணங்கள்

அடையாறுக்குப் பக்கத்திலேயே கோட்டூர்புரம் இருக்கிறது. அங்கே ரயில் நிலையத்துக்கு அருகில், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த அரசு நிலத்தில், 2006-இல் 'நிழல்' என்ற தன்னார்வ அமைப்பு உள்ளூர் மக்களோடு சேர்ந்து ஒரு மரப் பூங்காவைத் தொடங்கியது. நம் மண்ணுக்குரிய மர வகைகளைத் தேர்ந்து நட்டு, தன்னார்வலர்களே வளர்த்தார்கள். நட்டவர்களே பார்த்துக்கொண்டதால் அது காடு போல வளர்ந்து நிற்கிறது. தொடக்கத்திலேயே கை வைத்தவர்கள் பிறகும் கைவிடுவதில்லை என்பது இதில் நமக்குக் கிடைக்கும் பாடம்.

இரண்டாவது உதாரணம் சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநகராட்சி அமைத்த, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் பூங்கா. தொட்டு உணர்ந்தும் ஒலி கேட்டும் விளையாடும் அமைப்புகள் அங்கே உண்டு. இந்த வகைப் பூங்காவுக்கு முன்னோடியாக இருந்தது பெங்களூரு. அங்கே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் 'கிளிகிளி' அமைப்பு, 2006-இலேயே கோல்ஸ் பூங்காவில் இப்படி ஒரு விளையாட்டிடத்தை உருவாக்கியது. என்ன தேவை என்று வீட்டில் தினமும் பார்க்கும் பெற்றோரே சொன்னதால் வந்த வடிவம் அது.

படி 1: முதலில் எண்ணுங்கள்

ஒரு வாரத்தில் மூன்று நாள் தேர்ந்தெடுங்கள்: ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு நாளும் காலை 6.30, காலை 11, மாலை 5, இரவு 7.30 என நான்கு முறை பத்துப் பத்து நிமிடம் பூங்காவில் நின்று எண்ணுங்கள். கைபேசியின் குறிப்புச் செயலியில் இந்த வரிசையைப் போட்டுக்கொண்டால் போதும்:

1. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்
2. ஆறு முதல் பன்னிரண்டு வயது: பெண், ஆண் தனித்தனியாக
3. பதின்ம வயதினர்: பெண், ஆண் தனித்தனியாக
4. பெரியவர்கள்: பெண், ஆண்
5. முதியவர்கள்
6. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், குழந்தை வண்டி

கூடவே, பூங்காவில் எந்த மூலையில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் கோட்டுப்படம் வரைந்து புள்ளி வையுங்கள். உதாரணத்துக்கு, சனிக்கிழமை மாலை உங்கள் தாளில் பையன்கள் பதினைந்து, சிறுமிகள் மூன்று, குழந்தை வண்டி பூஜ்யம் என்று வருகிறது என்றால், அந்த மூன்றும் பூஜ்யமும்தான் உங்கள் முதல் கேள்விகள்.

ஒரு கவனம்: பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். படம் தேவைப்படுவது உடைந்த சறுக்கு, தேங்கிய தண்ணீர், பெயர்ந்த கல் போன்றவற்றுக்குத்தான். அதையும் ஆள் இல்லாத நேரத்தில் எடுங்கள். மழை பெய்து நின்ற அரை மணி நேரத்தில் ஒரு சுற்று வந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த அடையாறுவாசிகளுக்கு இதன் அருமை தெரியும். அந்தத் தாழ்வான இடம் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் குழிக்கு ஏற்றது, ஊஞ்சலுக்கு ஏற்றதல்ல.

படி 2: வராதவர்களைத் தேடிப் போங்கள்

வராதவர்களைப் பூங்காவில் தேட முடியாது. அங்கன்வாடி வாசல், பள்ளி விடும் நேரத்து கேட், ரேஷன் கடை வரிசை, இஸ்திரி வண்டி நிற்கும் மரத்தடி, அடுக்குமாடிக் காவலாளி அறை, பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில்தான் சந்திக்க முடியும். இருபது பேரிடம் ஐந்து நிமிடம் பேசினாலே போதும்.

"என்ன வேணும்?" என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் வேறெங்கோ பார்த்த ஒரு பொருளின் பெயரைத்தான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்:

"கடைசியா எப்போ பார்க்குக்குப் போனீங்க?"
"போனப்போ எது கஷ்டமா இருந்துச்சு?"
"எது இருந்தா தைரியமா போவீங்க?"

பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். "உள்ள போற கேட்டே சுத்தி சுத்தி இருக்குப்பா, எனக்கு நுழைய முடியல" என்று ஒரு பாட்டி சொல்லலாம். பைக்கும் மாடும் வராமல் தடுக்கப் போட்ட வளைவு கேட் அது. அதே கேட் குழந்தை வண்டியையும் சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுக்கிறது. "டாய்லெட் பூட்டியே இருக்கு, எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்று ஓர் அம்மா கேட்கலாம். "நாங்கள்லாம் உள்ள உக்காரலாமாம்மா?" என்று ஒரு பணிப்பெண் கேட்கலாம். இந்த மூன்றாவது கேள்விக்குச் செலவே கிடையாது. "பூங்கா அனைவருக்கும் பொதுவானது" என்று வாசலில் எழுதிய ஒரு பலகையும், அதை மதிக்கிற நம் பார்வையும் போதும்.

சின்னப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதைவிட வரையச் சொல்லுங்கள். "உனக்குப் பிடிச்ச பார்க்க வரைஞ்சு காட்டு" என்று ஒரு தாளும் கிரேயானும் கொடுங்கள். ஊஞ்சலுக்குப் பதில் மரத்தையும் தண்ணீரையும் மண்ணையும் நிறையப் பிள்ளைகள் வரைந்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். பிறகு நீங்களே குந்தி உட்கார்ந்து பூங்காவைப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 95 செ.மீ. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது அரை ஆள் உயரச் சுவரும் அடர்ந்த புதரும் குழந்தையை மறைத்துவிடும். அம்மா கண்ணில் குழந்தையும், குழந்தை கண்ணில் அம்மாவும் படுகிற மாதிரி பெஞ்ச் இருக்க வேண்டும்.

படி 3: சிமென்ட் போடும் முன் சுண்ணாம்பு போடுங்கள்

கிடைத்த யோசனைகளைப் பூங்காவிலேயே கோலமாவு அல்லது சுண்ணாம்புத்தூளால் தரையில் வரைந்து பாருங்கள். இங்கே ஊஞ்சல், இங்கே மணல், இங்கே பந்து ஆடும் இடம் என்று கயிறு கட்டி ஒரு வாரம் விடுங்கள். இதற்கு முன்பாகப் பூங்கா மேற்பார்வையாளரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே பிள்ளைகள் கயிற்றைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். கயிற்றை நகர்த்தச் செலவில்லை. கான்கிரீட்டை நகர்த்த இன்னொரு டெண்டர் வேண்டும்.

அளவுகளில் இவற்றை நினைவில் வையுங்கள்:

ஊஞ்சல்: தொங்கும் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு இடம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். கம்பி 2 மீட்டர் உயரம் என்றால் முன்னால் 4 மீட்டர், பின்னால் 4 மீட்டர். நடைபாதை இதற்குள் வரக் கூடாது.

விழும் தரை: சறுக்கு, ஊஞ்சல் அடியில் சிமென்டோ பேவர் பிளாக்கோ வேண்டாம். சுமார் ஓரடி ஆழத்துக்கு மணல் அல்லது தரமான ரப்பர் தளம் வேண்டும். மணல் என்றால் அதைக் கிளறிச் சுத்தம் செய்ய ஆள் யார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

சரிவுப்பாதை: ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம். வாசல் படி 15 செ.மீ. உயரம் என்றால் சரிவு 180 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஆறடி நீள வேண்டும். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியை ஏற்றவும் முடியாது, இறக்கவும் பயம். வாசல் அகலம் குறைந்தது 90 செ.மீ. இருக்கட்டும். பொழுதுபோக்கு இடங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. இதை நீங்கள் சலுகையாகக் கேட்கத் தேவையில்லை.

நிழல்: சென்னையில் பிள்ளைகள் விளையாடுவது மாலை வெயிலில். மேற்குப் பக்கம் மரம் இருக்கும் இடமாகப் பார்த்துச் சறுக்கை வையுங்கள். வெயிலில் காய்ந்த சறுக்கில் ஒருமுறை சுட்டுக்கொண்ட பிள்ளை மறுபடி அந்தப் பக்கம் போகாது.

மரத்தடி: மரத்தின் அடி வரை சிமென்ட் பூசினால் வேருக்குத் தண்ணீர் போகாது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. நமக்கும் அதுவே நல்ல அளவு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நம் தெருக்களில் எத்தனை மரம் சாய்ந்தது என்று நமக்குத் தெரியும். புதிதாக நடுவதானால் புங்கை, பூவரசு, மகிழம், நாவல், வேம்பு எல்லாம் நமக்குப் பழகிய மரங்கள்தான்.

படி 4: சரியான இடத்தில் சொல்லுங்கள்

கேட்டதையும் எண்ணியதையும் மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, உடனே சரிசெய்ய வேண்டியவை: அறுந்த சங்கிலி, எரியாத விளக்கு, பூட்டிய கழிப்பறை, உடைந்த கம்பி. இதற்குக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் அல்லது 'நம்ம சென்னை' செயலியில் படத்தோடு புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீர்வு வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லித்தான் மேலே கேட்க முடியும்.

இரண்டாவது, சிறு மாற்றங்கள்: கேட் மாற்றுவது, பெஞ்சை நகர்த்துவது, ஒரு சரிவுப்பாதை, ஒரு செடிவரிசை. வார்டு கவுன்சிலரையும் உதவிப் பொறியாளரையும் நேரில் பூங்காவுக்கே அழைத்துக் காட்டுங்கள். வார்டு மேம்பாட்டு நிதியில் இவற்றைக் கேட்கலாம்.

மூன்றாவது, பூங்காவையே மாற்றி அமைப்பது. இதற்கான இடம் பகுதி சபை. பேச்சில் ஏரியா சபை என்கிறோம். நகராட்சிகளில் மக்கள் பங்கேற்கும் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 74-வது அரசியலமைப்புத் திருத்தம் சொன்னது. அது நடைமுறைக்கு வந்தது 1993-இல். தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நகரங்களில் முதல் முறையாகப் பகுதி சபைகள் கூடின. உங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்திலோ அடையாறு மண்டல அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட்டத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை முறை எண்ணினோம், யார் வருவதில்லை, அவர்கள் சொன்ன காரணம், நாம் கேட்கும் மாற்றம். "பார்க்க நல்லா பண்ணுங்க சார்" என்றால் குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இருக்காது. "கிழக்கு வாசல் வளைவு கேட்டை எடுத்துவிட்டு 90 செ.மீ. அகல வழியும் ஆறடிச் சரிவுப்பாதையும் அமைக்கக் கோருகிறோம்" என்றால் அதை அப்படியே தீர்மானமாக எழுதலாம். எழுதினார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மக்கள் பங்களிப்போடு செய்ய விரும்பினால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர, மீதியை அரசு தரும். பணி தொடங்கிய பிறகு மதிப்பீடும் வரைபடமும் பார்க்க வேண்டுமானால் கேளுங்கள். கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் ஆம்ஸ்டர்டாமை நினைத்துக்கொள்ளுங்கள். 1947-இல் அங்கே ஒரு சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் வடிவமைத்த சிறிய விளையாட்டிடம் ஒன்றை நகராட்சி அமைத்தது. அதைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள் "எங்க தெருவுக்கும் வேணும்" என்று நகராட்சிக்கு எழுதத் தொடங்கினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் உருவாகின.

சண்டை வரும், வரட்டும்

எல்லோரையும் கேட்டால் எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள். "பசங்க சத்தம் தாங்கல, கிரிக்கெட்டை நிறுத்துங்க" என்பார் ஒருவர். "எங்களுக்கு ஆட வேற எடம் ஏது சார்?" என்பார்கள் பையன்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை. இங்கே உங்கள் எண்ணிக்கைத் தாள் கைகொடுக்கும். மாலை 5 முதல் 6.30 வரை சின்னப் பிள்ளைகள் அதிகம் என்றால், அந்த நேரத்தில் மென்பந்து மட்டும் என்று பையன்களையே உட்காரவைத்துப் பேசி முடிவெடுக்கலாம். அவர்களே ஒத்துக்கொண்ட விதியை அவர்களே காப்பாற்றுவார்கள்.

கேட்டதெல்லாம் கிடைக்காது. கிடைக்காததை மறைக்காதீர்கள். எது ஏற்கப்பட்டது, எது இல்லை, ஏன் இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் பூங்கா வாசலில் ஒட்டுங்கள். தன் யோசனை ஏன் நடக்கவில்லை என்று தெரிந்தவர் அடுத்த முறையும் கூட்டத்துக்கு வருவார். காரணம் தெரியாதவர், "சொல்லி என்ன புண்ணியம்?" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்.

படி 5: மறுபடியும் எண்ணுங்கள்

பணி முடிந்து ரிப்பன் வெட்டிய மூன்று மாதம் கழித்து, முன்பு எண்ணிய அதே நாள்களில், அதே நேரங்களில் மறுபடி எண்ணுங்கள். மூன்று சிறுமிகள் பத்தாகி இருக்கிறார்களா? பூஜ்யமாக இருந்த குழந்தை வண்டி ஒன்றாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் பூங்கா மாறியிருக்கிறது. புதுப் பெயின்ட் மட்டும் வந்து எண்ணிக்கை அப்படியே இருந்தால், அந்தத் தாளோடு அடுத்த பகுதி சபைக்குப் போங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. உங்கள் பக்கத்துப் பூங்காவில் ஒரு மாலை பத்து நிமிடம் எண்ணுங்கள்.
2. எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்தவர்கள் யார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.
3. அவர்களில் மூன்று பேரைத் தேடிப் போய், "ஏன் வர்றதில்ல?" என்று கேளுங்கள்.
4. உடைந்தது ஏதாவது கண்ணில் பட்டால் அன்றே 1913-க்குச் சொல்லுங்கள்.
5. அடுத்த பகுதி சபை தேதியைக் கேட்டுக் கைபேசி நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இவ்வளவு செய்தாலே அந்த மூன்று பேரின் குரல் முதல் முறையாகப் பூங்காவின் கணக்கில் சேர்ந்துவிடும்.